கணக்கு நம்முடையது... சாவி யாரிடம்?

காலை மணி 9.55. ஊரில் அம்மா ஆஸ்பத்திரியில். நாளை நெல்லை போயாக வேண்டும். ஏ.சி. பெட்டியில் தட்கல் டிக்கெட் போட, செல்போனும் கையுமாக உட்காருகிறார் ஒரு குமாஸ்தா என்று வைத்துக்கொள்வோம்.

பாஸ்வேர்டு போடுகிறார். "தப்பு" என்கிறது. மறுபடி போடுகிறார். மறுபடியும் "தப்பு". ஆத்திரத்தில் நாலைந்து தடவை தட்டுகிறார். கணக்கே பூட்டிக்கொண்டது!

"பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?" என்ற இடத்தைத் தொடுகிறார். ஓ.டி.பி. அனுப்பியாச்சு என்று பதில் வருகிறது. எங்கே அனுப்பினார்கள்? மூன்று வருடத்துக்கு முன்பு ரீசார்ஜ் பண்ணாமல் தூக்கிப் போட்ட பழைய நம்பருக்கு!

மணி 10.06. இனி உள்ளே போனாலும் வெயிட்டிங் லிஸ்டுதான்.

பக்கத்துத் தெரு ஏஜெண்டிடம் ஓடலாமா? அதுவும் முடியாது. 2025 ஜூலை 1-ந் தேதியிலிருந்து இணையத்தில் தட்கல் போட, ஆதாரோடு சரிபார்த்த கணக்கு வேண்டும். தட்கல் திறந்த முதல் அரை மணி நேரம் ஏஜெண்டுகளுக்கு அனுமதி இல்லை. கள்ளத்தனமாக டிக்கெட்டை அள்ளும் கும்பலை அடக்கத்தான் இந்த ஏற்பாடு. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் நம்ம கணக்கு திறக்காவிட்டால் நமக்காகத் திறந்துவிட ஆள் யார்?

ரெயில் டிக்கெட், பி.எப். பணம், வரிக்கணக்கு எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. போகட்டும். கதவு மாட்டியவர்கள், அது பூட்டிக்கொண்டால் யாரைப் போய்ப் பார்ப்பது என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டார்கள்.

முதலில் நம்ம பக்கம்

பாதிப் பூட்டு நாமே போட்டுக்கொள்வது. செல்போன் கீபோர்டு முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். பாஸ்வேர்டில் சின்ன எழுத்து, பெரிய எழுத்து இரண்டும் வேறு வேறு. சைபரும் 'ஓ'வும் பார்க்க ஒன்று போல இருக்கும். பாஸ்வேர்டை மாற்றி இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஆனால் போன் பழசை ஞாபகம் வைத்துக்கொண்டு அதையே நிரப்பிக்கொண்டிருக்கும். கண் படத்தைத் தொட்டு, போட்ட எழுத்தை ஒருமுறை பார்த்தாலே பாதி வியாதி தீரும்.

இரண்டு தடவை தப்பு என்றால் நிறுத்துங்கள். மூன்றாவது தடவை போடுவதற்குப் பதில் நேராக "மறந்துவிட்டதா" என்ற இடத்துக்குப் போய்விடலாம். ஓ.டி.பி. வரவில்லையே என்று தொடர்ந்து நாலு தடவை கேட்பதும் வினைதான். நாலும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடைசியாக வந்ததுதான் செல்லும், முன்னால் வந்ததைப் போட்டால் அதுவும் "தப்பு".

பாஸ்வேர்டை எங்கேயும் எழுதி வைக்காதே என்று சொல்கிறார்கள். இருபது கணக்குக்கு இருபது பாஸ்வேர்டை எந்த மண்டை தாங்கும்? ஒரு நோட்டில் எழுதி பீரோவுக்குள் வையுங்கள் என்பேன் நான். செல்போன் உறைக்குள் சீட்டு சொருகி வைக்கிறார்களே, அதுதான் ஆபத்து. பஸ்சில் போன் போனால் சாவியும் சேர்ந்து போகும்.

சிம்முக்குள் இருக்கிறது சாவி

ஆனால் பாஸ்வேர்டெல்லாம் இப்போது வெறும் தாழ்ப்பாள். நிஜமான சாவி சிம் கார்டு. நம்பர் கையில் இருந்தால் எத்தனை தடவை மறந்தாலும் புதுசு வாங்கிக்கொள்ளலாம். நம்பர் போனால், பாஸ்வேர்டு ஞாபகம் இருந்தாலும் பல இடங்களில் பாதி வழியில் நிற்க வேண்டியதுதான்.

நம்ம ஜனங்களோ ஆபருக்கு ஒரு சிம், ஊருக்கு ஒரு சிம் என்று மாற்றுகிறவர்கள். பிரீபெய்டு சிம்மை 90 நாள் தொடாமல் வைத்தால் கம்பெனி அதை நிறுத்திவிடலாம். அப்படி நிறுத்தின நம்பரைக் குறைந்தது 90 நாள் வரை வேறு ஆளுக்குக் கொடுப்பதில்லை என்று டிராய் அமைப்பு 2023 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டில் சொன்னது. அதற்குப் பிறகு கொடுக்கலாம் என்றுதானே அர்த்தம்? உங்கள் பழைய நம்பர் இன்றைக்கு முகம் தெரியாத ஒருவர் சட்டைப்பையில் இருக்கலாம். உங்கள் ஓ.டி.பி.யும் அங்கேதான் போய் விழும்.

எனவே சிம்மைத் தூக்கிப் போடும் முன்பு பாங்கி, ஆதார், பி.எப்., ரெயில் கணக்கு எல்லாவற்றிலும் நம்பரை மாற்றுங்கள். பழசு உயிரோடு இருக்கும்போது மாற்றினால் ஐந்து நிமிட வேலை. செத்த பிறகு என்றால் அலைச்சல்.

ஆதாரில் உள்ள நம்பரை மாற்ற ஆதார் மையத்தில் கைரேகை வைத்தால் போதும், வேறு ஆதாரச்சீட்டு கேட்கமாட்டார்கள். 2025 அக்டோபரிலிருந்து கட்டணம் 75 ரூபாய். தபால் ஆபீஸ் பாங்கியின் தபால்காரரே வீட்டுக்கு வந்து மாற்றிக்கொடுக்கும் ஏற்பாடு 2021 ஜூலையில் வந்தது. எத்தனை பேருக்குத் தெரியும்? படியேற முடியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டில், தபால்காரரைப் பார்த்தால் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

இனிஷியல் படுத்தும் பாடு

நம்பர் சரியாக இருந்தும் உள்ளே போக முடியாதவர்கள் தமிழ்நாட்டில் அதிகம். காரணம், அப்பா பெயரின் முதல் எழுத்து!

கம்பெனி குமாஸ்தா அந்தக் காலத்தில் பி.எப். ரிஜிஸ்தரில் 'க.முருகன்' என்று எழுதியிருப்பார். பான் கார்டு விண்ணப்பத்தில் பெயரைச் சுருக்கக்கூடாது, விரித்து எழுத வேண்டும். ஆகவே அங்கே 'முருகன் கந்தசாமி'. ஆதாரில் 'முருகன் க'. மூன்றும் ஒரே ஆள்தான். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர்! "விவரம் ஒத்துப்போகவில்லை" என்று வெளியே தள்ளுகிறது. இங்கே புது பாஸ்வேர்டு வாங்கி என்ன பிரயோஜனம்?

பி.எப்.பில் கொஞ்சம் விடிவு வந்தது. 2017 அக்டோபர் 1-ந் தேதிக்குப் பிறகு யு.ஏ.என். எண் வாங்கி ஆதாரோடு சரிபார்த்தவர்கள், பெயரை முதலாளி கையெழுத்து இல்லாமல் தாங்களே திருத்தலாம் என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். அதற்கு முன்பு சேர்ந்தவர்களுக்கு, அதாவது பணம் அதிகம் சேர்ந்திருக்கும் மூத்தவர்களுக்கு, இந்தச் சலுகை எளிதில் கிட்டவில்லை. இடையில் கம்பெனியை இழுத்து மூடியிருந்தால் அவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம்.

ஆடிட்டர் கையில் கடைச்சாவி

கடைக்காரர்கள் விஷயம் இதைவிடப் பெரிது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது பதிவு செய்யத் தெரியாமல் பலபேர் கணக்கு எழுதுகிறவரிடமே பொறுப்பை விட்டார்கள். அவரும் தன் செல் நம்பரையும், தன் இ-மெயிலையும் போட்டுப் பதிவு செய்துவிட்டார். அப்போது வசதியாகத்தான் இருந்தது.

இரண்டு பேருக்கும் மனஸ்தாபம் வந்தால் போச்சு. யூசர் பெயர் தெரியாது, பாஸ்வேர்டு தெரியாது. ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகிறது. ரிட்டர்ன் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் அபராதம், வியாபாரமே இல்லாத மாதத்துக்கும் 20 ரூபாய். தொடர்ந்து ஆறு மாதம் தாக்கல் செய்யாவிட்டால் பதிவையே ரத்து செய்யலாம். அந்தக் கணக்கிலிருந்து வேறு யாராவது தப்பான பில் போட்டால்கூட நோட்டீஸ் கடைக்காரர் பெயருக்குத்தான் வரும். கடைக்கு ஆறு பூட்டு போடுகிறவர், இந்தச் சாவியை அடுத்தவரிடம் விட்டு வைத்திருக்கிறார்!

இதற்கு வழி இருக்கிறது. கடை எந்த வரி அதிகாரியின் எல்லைக்குள் வருகிறதோ, அவரிடம் அடையாளச் சான்றும் கடை ஆவணமும் எடுத்துக்கொண்டு நேரே போக வேண்டும். அவர் சரிபார்த்து, உங்கள் சொந்த நம்பரையும் இ-மெயிலையும் ஏற்றுவார். தற்காலிக பாஸ்வேர்டு உங்கள் மெயிலுக்கு வரும். அதை வைத்து உள்ளே போய்ப் புதுசு வைத்துக்கொள்ளலாம். 2018 செப்டம்பரில் மத்திய சர்க்காரே அறிவித்த முறை இது. பாங்கியிலும் கிளைக்குப் போய் எழுதிக்கொடுத்து நம்பரை மாற்றலாம்.

ஆக, மனுஷன் ஒருவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, எதிரே நிற்கிறவர் முகத்தைப் பார்த்து, காகிதத்தைச் சரிபார்த்துக் கதவைத் திறந்துவிட முடிகிறது. வரி வசூலுக்கு முடிகிறது! ஜனங்களுக்கு டிக்கெட் கொடுக்க மட்டும் ஏன் முடியாது?

சென்டிரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் கட்டிடத்தில் இத்தனை முன்பதிவு கவுண்ட்டர்கள் இருக்கின்றன. படிவத்தை நீட்டினால் டிக்கெட் தருவார்கள். இணையக் கணக்கு பூட்டிக்கொண்டது என்றால், அது அவர்கள் வேலை அல்ல. இணைய டிக்கெட்டை நடத்துவது ஐ.ஆர்.சி.டி.சி. என்ற தனி நிறுவனம். 14646 என்ற நம்பருக்குப் போன் செய்ய வேண்டியதுதான். தட்கல் நேரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கும், ரெயிலைப் பிடிப்பதற்கும் சம்பந்தம் உண்டா?

நேரில் வந்தால் நம்பரை மாற்றிக் கொடுக்கலாம் என்றால், திருடனும் நேரில் வருவானே என்பார்கள். வாஸ்தவம். போலிச் சான்று காட்டி டூப்ளிகேட் சிம் வாங்கி, பாங்கிக் கணக்கைத் துடைத்த கதைகள் உண்டு. அதற்குத்தானே கைரேகை மிஷின்? ரேஷன் கடையில் அரிசிக்கு கைரேகை வைக்கிறோம். அதே மிஷின் முன்பதிவு நிலையத்தில் ஒன்று இருந்தால் ஆகாதா?

ஆள் இல்லாத இடத்தில் யார் வந்து நிற்கிறான் தெரியுமா? மோசடிக்காரன்! கணக்கு திறக்கவில்லை என்று பதறி, இணையத்தில் "கஸ்டமர் கேர்" என்று தேடினால் கிடைப்பதில் போலி நம்பர்கள் கலந்திருக்கின்றன. "சார், ஒரு ஆப் போடுங்க, நானே சரி பண்றேன்" என்பான். போட்டால் உங்கள் போன் திரை முழுக்க அவன் கண்ணுக்குத் தெரியும். எனி டெஸ்க் என்ற ஆப்பைப் பற்றி ரிசர்வ் பாங்கி 2019-லேயே எச்சரித்தது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டில் உட்காராமல் உடனே 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

தெற்கு ரெயில்வே அதிகாரிகளுக்கு ஒரு கோரிக்கை. சென்டிரல், எழும்பூர், தாம்பரம் மூன்று இடத்திலும் ஐ.ஆர்.சி.டி.சி.யோடு பேசி ஒரு மேஜை, ஒரு ஆள், ஒரு கைரேகை மிஷின். காலை 8 மணிக்குத் திறக்க வேண்டும், 10 மணிக்கு அல்ல. வந்தவருக்கு அன்றைக்கே நம்பரை மாற்றி, ரசீது கொடுக்க வேண்டும்.

பி.எப்.காரர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி முதல் ஒவ்வொரு மாதமும் 27-ந் தேதி மாவட்டந்தோறும் குறைதீர்க்கும் முகாம் நடத்துவது என்று பி.எப். நிறுவனம் ஏற்பாடு செய்தது. இந்த மாதம் எங்கே என்று முன்கூட்டியே விசாரித்து, ஆதார், பான், பாங்கி பாஸ்புக், பழைய கம்பெனி சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். போகும்போது போனில் சார்ஜ் இருக்கட்டும். அங்கேயும் ஓ.டி.பி. கேட்பார்கள்.