புது வேனில் கோளாறா? வாயால் சொன்னால் போதாது... எழுத்தில் கொடுங்க!

தென்னேரி:

கல்யாணம், காதுகுத்து, திருப்பதி பயணம் என்று எதுவாக இருந்தாலும் குடும்பத்தோடு கிளம்ப ஒரு வேன் வேண்டும். தென்னேரி, வாலாஜாபாத், காஞ்சிபுரம் பக்கம் தறிக்காரர் வீடாக இருந்தாலும், ஒரகடம் கம்பெனிக்கு ஷிப்ட் போகிறவர் வீடாக இருந்தாலும் ஏழு பேர் உட்காருகிற வண்டிதான் கனவு. நகையை அடகு வைத்து, பைனான்ஸில் கடன் வாங்கி, மாதாமாதம் தவணை கட்டி வாங்குகிறார்கள்.

புது வண்டிதானே, அஞ்சு வருஷத்துக்கு கவலை இல்லை என்று நினைத்தால் அங்கேதான் சிக்கல். கடந்த சில ஆண்டுகளில் குடும்ப வேன்களில் வெளிப்பட்ட கோளாறுகளை வரிசையாக பார்த்தால் பகீர் என்கிறது. ஸ்டியரிங், ஏர்பேக், சீட் பெல்ட், மீட்டர் போர்டு என்று ஒன்று விடாமல் கோளாறு. அதுவும் ஷோரூமை விட்டு வந்த சில மாதத்திலேயே!

ஸ்டியரிங் ராடில் கோளாறு

நம்ம ஊர் பக்கம் அதிகம் ஓடுவது மாருதி ஈகோ. பழைய ஆம்னி 1984-ல் வந்து, பாதுகாப்பு விதிகள் கடுமையானதால் 2019-ல் உற்பத்தி நின்று போனது. 2010-ல் வந்த ஈகோதான் இப்போது அந்த இடத்தில். ஸ்கூல் பிள்ளைகளுக்கும் அதுதான், ஜவுளி மூட்டைக்கும் அதுதான்.

இந்த ஈகோ மட்டும் மூன்று ஆண்டுக்குள் நான்கு முறை 'ரீகால்' ஆகியிருக்கிறது. ரீகால் என்றால், விற்ற வண்டியை கம்பெனியே திரும்ப கூப்பிட்டு, காசு வாங்காமல் கோளாறை சரி செய்து கொடுப்பது.

முதலாவது 2020 நவம்பரில். 40 ஆயிரத்து 453 ஈகோ வண்டிகளில் ஹெட்லைட்டில் இருக்க வேண்டிய தர முத்திரை இல்லை. இரண்டாவது 2022 ஏப்ரலில். 19 ஆயிரத்து 731 வண்டிகளில் சக்கர ரிம் அளவு தப்பாக பொறிக்கப்பட்டிருந்தது. இவை இரண்டும் பெரிய ஆபத்து இல்லை, விட்டுவிடலாம்.

மூன்றாவதுதான் வயிற்றை கலக்கியது. 2023 ஜனவரியில் ஈகோ, ஆல்டோ கே-10, பிரெஸ்ஸா உள்ளிட்ட 6 மாடல்களில் 17 ஆயிரத்து 362 வண்டிகளை மாருதி திரும்ப அழைத்தது. காரணம், ஏர்பேக்கை இயக்குகிற கருவியில் கோளாறு. மோதினாலும் ஏர்பேக் விரியாமல் போகலாம், சீட் பெல்ட் இறுகாமல் போகலாம். அந்த பாகத்தை மாற்றும் வரை வண்டியை ஓட்டவே வேண்டாம் என்று கம்பெனியே சொன்னது. 2022 டிசம்பர் 8 முதல் 2023 ஜனவரி 12 வரை தயாரானவை இவை. அதாவது டெலிவரி எடுத்து சந்தனம், குங்குமம் காயாத வண்டிகள்!

நான்காவது 2023 ஜூலையில். ஈகோ, எஸ்-பிரெஸ்ஸோ இரண்டும் சேர்த்து 87 ஆயிரத்து 599 வண்டிகள். ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கிற 'டை ராடில்' ஒரு பாகம் அபூர்வமாக உடையலாம் என்று அறிவிக்கப்பட்டது. அது உடைந்தால் ஸ்டியரிங்கை திருப்பினாலும் வண்டி சொன்ன பேச்சு கேட்காது. வாலாஜாபாத் சாலையில் லாரிகளுக்கு நடுவே அப்படி ஆனால் என்ன கதி? 2021 ஜூலை 5 முதல் 2023 பிப்ரவரி 15 வரை தயாரான வண்டிகள் இந்த பட்டியலில் வருகின்றன.

மழையில் ஓட்டாதீங்க!

எர்டிகா விஷயம் இன்னும் வேடிக்கை. 2021 செப்டம்பரில் எர்டிகா, எக்ஸ்எல்-6, சியாஸ், விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ் ஆகிய 5 மாடல்களின் பெட்ரோல் வண்டிகளில் 1 லட்சத்து 81 ஆயிரத்து 754-ஐ மாருதி திரும்ப அழைத்தது. 'மோட்டார் ஜெனரேட்டர்' என்ற மின் கருவியில் கோளாறு இருக்கலாம் என்றார்கள். அதுவரைக்கும் தண்ணீர் தேங்கிய ரோட்டில் ஓட்டாதீர்கள், மின்சார பாகங்கள் மேல் நேராக தண்ணீர் அடிக்காதீர்கள் என்று அறிவுரை வேறு.

பாகம் மாற்றுகிற வேலை எப்போது தொடங்கும் என்று பார்த்தால் நவம்பர் முதல் வாரம்! வட மாநிலத்தில் அப்போது மழை முடிந்திருக்கும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் நவம்பர் என்றால் என்ன என்று ஏரிக்கரை ஆட்களுக்கு சொல்ல வேண்டியதில்லை. அந்த 2021 நவம்பரில் மழை கொட்டித் தீர்த்து, தெருவெல்லாம் வெள்ளக்காடானது. தண்ணீரில் இறங்காமல் யார் வண்டி ஓட்டியிருக்க முடியும்?

6 ஏர்பேக் இருந்தும்...

கியா கேரன்ஸ் 2022 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. ஆரம்ப மாடலிலேயே 6 ஏர்பேக் என்று பெருமையாக விளம்பரம் செய்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், அந்த ஏர்பேக்கை இயக்குகிற சாப்ட்வேரில் தவறு இருக்கிறதா என்று பார்க்க 44 ஆயிரத்து 174 வண்டிகளை திரும்ப அழைத்தார்கள். 2023 ஜூனில் இன்னொரு முறை. வண்டி ஓடும்போது மீட்டர் போர்டு எதுவும் காட்டாமல் வெறுமையாகி விடலாம் என்று 30 ஆயிரத்து 297 வண்டிகள் அழைக்கப்பட்டன. என்ன வேகத்தில் போகிறோம் என்றே தெரியாமல் ஓட்ட வேண்டிய நிலை.

'குளோபல் என்கேப்' என்ற அமைப்பு வண்டிகளை மோதவிட்டு மார்க் போடுகிறது. 2022-ல் கேரன்ஸ் வாங்கியது 5-க்கு 3 நட்சத்திரம். 6 ஏர்பேக் இருந்தும் வண்டிக்கூடு உறுதியாக இல்லை என்று அறிக்கை சொன்னது. 2016-ல் ஏர்பேக் இல்லாத ஈகோவுக்கு பூஜ்யம். 2017-ல் செவர்லே என்ஜாய் வேனுக்கும் பூஜ்யம். நம்ம ஒரகடத்தில் தயாராகும் ரெனோ ட்ரைபர் 2021-ல் பெரியவர்கள் பாதுகாப்பில் 4, குழந்தைகள் பாதுகாப்பில் 3 நட்சத்திரம் வாங்கியது. விலை குறைந்த வண்டியாலும் பாதுகாப்பு கொடுக்க முடியும் என்பதற்கு இது சாட்சி. 2023 அக்டோபர் முதல் நம் நாட்டிலேயே 'பாரத் என்கேப்' சோதனையும் வந்துவிட்டது. ஆனால் அது கட்டாயம் இல்லை. கம்பெனி விரும்பினால் அனுப்பலாம்.

இங்கே ஒன்றை கவனிக்க வேண்டும். நட்சத்திரம் வேறு, ரீகால் வேறு. மோதினால் உயிர் தப்புமா என்பதை நட்சத்திரம் சொல்லும். தயாரிப்பில் நடந்த தவறை அது சொல்லாது. 5 நட்சத்திர வண்டியிலும் ஒரு போல்ட் சரியில்லாமல் போகலாம்.

ஜன்னலை திறக்க முடியாத வேன்

கோளாறை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் வண்டிக்காரர்கள்தான். அதற்கும் ஒரகடத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2012-ல் நிசான் கம்பெனி அங்கிருந்து எவாலியா என்ற குடும்ப வேனை விட்டது. இடவசதி தாராளம். ஆனால் நடு சீட் ஜன்னல் கண்ணாடியை இறக்க முடியாது. சித்திரை வெயிலில் ஏ.சி. நின்றால் உள்ளே இருப்பவர்கள் அவிந்து போக வேண்டியதுதான். வாங்கியவர்கள் குறை சொன்ன பிறகு, 2013-ல் நகர்த்துகிற கண்ணாடி வைத்து புது மாடல் விட்டார்கள். அதற்குள் பெயர் கெட்டுவிட்டது. சில ஆண்டுகளில் வண்டியே காணாமல் போனது.

வண்டிக்காரர் கண்ணுக்கே தெரியாத கோளாறும் உண்டு. டிராவல்ஸ்காரர்களின் செல்லப்பிள்ளையாக இருந்த செவர்லே டவேரா நினைவிருக்கிறதா? 2005 முதல் 2013 வரை தயாரான 1 லட்சத்து 14 ஆயிரம் டவேராவை 2013 ஜூலையில் திரும்ப அழைத்தார்கள். புகை சோதனையில் ஊழியர்களே தில்லுமுல்லு செய்தது வெளியே வந்தது. பலர் வேலையை விட்டு நீக்கப்பட்டனர். அப்போது ரீகாலுக்கு சட்டமே கிடையாது. 2012-ல் கம்பெனிகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒரு விதி மட்டும்தான். கம்பெனியாக மனசு வைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

இப்போது சட்டம் இருக்கு!

2019-ல் மோட்டார் வாகன சட்டம் திருத்தப்பட்டு 110-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன. இதன்படி, 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டியில் உயிருக்கு ஆபத்தான கோளாறு இருந்தால், மத்திய அரசே கம்பெனியை ரீகால் செய்யச் சொல்லி உத்தரவு போடலாம். கம்பெனிக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். வண்டியை சரி செய்து தர வேண்டும், அல்லது வேறு வண்டி தர வேண்டும், அல்லது பணத்தை திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம்.

ஆனால் ஒரு கொக்கி இருக்கிறது. எத்தனை வண்டி விற்றது என்பதை பொறுத்து, இத்தனை உரிமையாளர்கள் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த புகாரும் போக்குவரத்து அமைச்சகத்தின் 'வாகன்' இணையதளத்தில் பதிவாக வேண்டும். டீக்கடையில் புலம்பினாலும், சர்வீஸ் சென்டரில் சண்டை போட்டாலும் அந்த கணக்கில் ஒன்று கூட ஏறாது.

இங்கேதான் நம்மாளுங்க கோட்டை விடுகிறார்கள். வண்டி இழுத்துக்கொண்டு போகிறது என்று சர்வீஸில் சொன்னால், "எல்லா வண்டியும் அப்படித்தான் சார், ஓட ஓட சரியாயிடும்" என்று பதில் வரும். வெளி மெக்கானிக்கிடம் 500 ரூபாய் கொடுத்து சமாளித்துவிட்டு அடுத்த சவாரிக்கு கிளம்பி விடுவார்கள். ஒருநாள் வண்டி நின்றால் ஒருநாள் வருமானம் போச்சு என்பது அவர்கள் கஷ்டம். அதே கோளாறு மதுரையில் ஒருவருக்கும், கோவையில் ஒருவருக்கும் இருக்கும். மூன்று பேரும் எழுதிக் கொடுக்காததால் மூன்றும் தனித்தனி ரிப்பேராகவே போய்விடும்.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததை பார்க்கலாம். அங்கே கிரைஸ்லர் பசிபிகா என்ற 2017 மாடல் குடும்ப வேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்று போனது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் புகார் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ஒரு நுகர்வோர் அமைப்பு 2017 நவம்பரில் அரசிடம் மனு போட்டது. இரண்டே மாதத்தில், 2018 ஜனவரியில், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வேன்களை கம்பெனி திரும்ப அழைத்து சாப்ட்வேரை மாற்றியது. ஐம்பது சொச்சம் பேர் எழுதியதால் ஒன்றரை லட்சம் குடும்பத்துக்கு பாதுகாப்பு!

செகண்ட் ஹேண்டா? உஷார்!

ரீகாலில் அதிகம் ஏமாறுவது பழைய வண்டி வாங்குகிறவர்கள். கம்பெனியின் தகவல் முதலில் வாங்கியவரின் செல்போனுக்குத்தான் போகும். அவர் வண்டியை விற்றிருப்பார், நம்பரையும் மாற்றியிருப்பார். டை ராடு கோளாறு பட்டியலில் உள்ள 2021, 2022 மாடல் ஈகோக்கள் இப்போது செகண்ட் ஹேண்டில் கை மாறுகின்றன. பெயின்ட், டயர், சீட் கவர் எல்லாம் தட்டிப் பார்க்கிறவர்கள், ரீகால் வேலை முடிந்ததா என்று கேட்பதில்லை.

வேன் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது:

* ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரை கம்பெனி இணையதளத்தில் போட்டால், அந்த வண்டி ரீகாலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இணையம் தெரியாதவர்கள் அந்த கம்பெனியின் எந்த சர்வீஸ் சென்டரிலும் கேட்கலாம். ரீகால் வேலைக்கு காசு கிடையாது. வாரண்டி முடிந்துவிட்டது என்று சொன்னாலும் விடாதீர்கள்.

* சர்வீஸ் விடும்போது கோளாறை உங்கள் வார்த்தையிலேயே 'ஜாப் கார்டில்' எழுத வைத்து, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை கிலோமீட்டரில், எந்த தேதியில் என்பதும் இருக்கட்டும். பிறகு பேசுவதற்கு அந்த சீட்டுதான் ஆதாரம்.

* பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக், சீட் பெல்ட், பெட்ரோல் வாசனை என்றால் தள்ளிப் போட வேண்டாம். 'வாகன்' தளத்தில் புகார் பதிவு செய்யுங்கள்.

* கம்பெனி கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கை அங்கே போடலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும் என்பது முக்கியம்.

* வெளியில் ஒயரை வெட்டி ஹாரன், லைட், ஸ்பீக்கர் மாட்டினால், கோளாறுக்கு அதுதான் காரணம் என்று கம்பெனி நழுவ வழி கிடைக்கும். கூடுதல் சீட் போடுவதும் அப்படித்தான்.

ரீகால் செய்கிற கம்பெனி மோசமான கம்பெனி என்று முடிவு கட்டவும் கூடாது. தப்பை ஒப்புக்கொண்டு கூப்பிடுகிறவர்கள், மூடி மறைக்கிறவர்களை விட மேல். ஆனால் கூப்பிட்டும் போகாத வண்டி, தெருவில் ஓடுகிற ஆபத்து. அதில் போவது ஓட்டுகிறவர் மட்டும் இல்லை, பின் சீட்டில் இருக்கிற பிள்ளைகளும்தான்.

ஆர்.டி.ஓ. அலுவலகங்களிலும், எப்.சி.க்கு வண்டி வரும் இடங்களிலும் ரீகால் பட்டியலை தமிழில் ஒட்டி வைத்தால் ஏழை வண்டிக்காரர்களுக்கு உதவியாக இருக்கும். பெரிய செலவு இல்லை, ஒரு தாள் போதும். அதிகாரிகள் கவனிப்பார்களா?