ஒரு துணுக்குத் திசுவும் ஓர் அமானிதமே

'மனிதக் குடலையே ஆய்வகத்தில் வளர்க்கிறார்களாமே, இது கூடுமா?' என்ற கேள்வி நம் இல்லங்களில் எழுவது இயல்பு. மார்க்கத் தீர்ப்பு ஆலிம்களுக்குரியது. ஆனால் தீர்ப்பைக் கேட்பதற்கு முன், அங்கே நடப்பது இன்னதென்று அறிந்துகொள்வது நம் கடமையாகும்.

நம் குடலின் உட்சுவர் சில நாள்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அதற்கு மூலமாக இருப்பவை ஸ்டெம் செல்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர், சுண்டெலியின் குடலிலிருந்து எடுத்த அத்தகைய ஒரே செல்லிலிருந்து சிறு குடல் உருவொன்றை 2009-ஆம் ஆண்டில் வளர்த்துக் காட்டினர். 2011-இல் மனிதத் திசுவிலும் அது கைகூடியது. இம்முறையில் கரு எதுவும் சிதைக்கப்படுவதில்லை. நோயாளியின் மலக்குடலிலிருந்து எடுக்கும் ஒரு துணுக்கே போதும். வளர்வதும் மணல் துகள் போன்ற சிறு உருண்டைகளே. அவை முழு உறுப்பும் அல்ல, உணர்வுள்ளவையும் அல்ல.

பயன் என்ன? சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பிறவி நோயில், பழுதான ஒரு மரபணுவால் உப்பும் நீரும் செல்களைச் சரிவரக் கடப்பதில்லை. சளி இறுகி, நுரையீரலும் செரிமானமும் கெடுகின்றன. அம்மரபணுவில் 2,000-க்கும் மேற்பட்ட மாறுபாடுகள் அறியப்பட்டுள்ளன. அவற்றுட் சில மிகச் சிலரிடமே காணப்படுவதால், அவர்களுக்கெனப் பெரிய மருந்துச் சோதனை நடத்த இயலாது. 2013-இல் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழியை வெளியிட்டனர். ஃபோர்ஸ்கோலின் என்ற பொருளைச் சேர்த்தால் நலமான குடல் உருண்டை நீரேறிப் பருக்கும். நோயாளியினுடையது அவ்வாறு பருக்காது. ஒரு மருந்தை இட்டபின் அதுவும் பருத்தால், அம்மருந்து அவருக்கு உதவக்கூடும்.

நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியுள்ளார்கள். ஆகவே இத்தகைய முயற்சியை நாம் வரவேற்கிறோம். நம் கவலை வேறொன்றைப் பற்றியது.

எடுத்த துணுக்கு உறைநிலையில் பல்லாண்டுகள் காக்கப்படலாம். வேறு ஆய்வகங்களுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் செல்லலாம். 1951-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற பெண்மணியின் புற்றுக்கட்டிச் செல்கள் அவரது அனுமதியின்றி ஆய்வுக்கு எடுக்கப்பட்டன. அவை உலகெங்கும் பெருகின. பலருக்கு வருவாயும் ஈட்டித் தந்தன. அவருடைய குடும்பத்தினரோ பல ஆண்டுகள் அதை அறியாதிருந்தனர்.

உடல் இறைவன் நமக்களித்த அமானிதம். அதன் ஒரு துணுக்கைப் பெறுபவருக்கும் அது அமானிதமே. எனவே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் மூன்றைக் கேட்போம்: எதற்காக எடுக்கிறீர்கள்? யார் யாரிடம் செல்லும்? பின்னர் நாங்கள் மறுத்தால் என்ன செய்வீர்கள்? பிள்ளைக்காகக் கையெழுத்திடும் பெற்றோருக்கு இக்கடமை இருமடங்காகும். தெளிவான விடை கிடைத்தால் மனமுவந்து கொடுப்போம். பிறர் பிணி தீர நம் உடலின் ஒரு துணுக்கு உதவுமாயின், அதற்குரிய நற்கூலியை வல்ல இறைவன் வழங்குவானாக!