விளிம்பன்று, கரை

கலைச்சொல் ஆக்குவோர் பொருளை முதலில் நன்கு தெரிந்து, பின்னரே பெயரிடல் வேண்டும். இந்நெறி அண்மைக் காலத்தில் நெகிழ்ந்து வருகின்றது. இணைய சேவை வழங்கும் நிறுவனங்களின் வலையமைப்பில், செய்திப் பொதிகளை உரிய திசைக்கு அனுப்பும் ரவுட்டர்கள் இருவகையாக உள. ஆங்கிலத்தார் ‘கோர்’ என்றும் ‘எட்ஜ்’ என்றும் அவற்றைப் பிரிப்பர். நம்மவர் மையம் எனவும் விளிம்பு எனவும் பெயர்த்துவிட்டனர். முன்னதில் எனக்குத் தடையில்லை. பின்னதில் உண்டு.

உயர்தர வகுப்பில் தகவல் தொழினுட்பம் பயிலும் மாணவர் சிலரை வினாவினேன். மைய ரவுட்டரே அறிவு மிக்கது, விளிம்பிலுள்ளது எடுபிடி வேலை செய்வது என்றனர். உண்மை நேர்மாறானது. சொல்லே அவர்களை மயக்கிற்று என்பது என் துணிபு.

தபாலை எண்ணிப் பார்க்க. கந்தோரில் ஒவ்வொரு கடிதத்தின் முகவரியையும் படித்துப் பிரித்துப் பையிலிட்டு, பையின் கழுத்தில் ஊர்ப்பெயர்த் துண்டு கட்டுவர். பையைச் சுமந்து செல்வோர்க்கு அத்துண்டே போதும். இங்கும் அவ்வாறே. வாடிக்கையாளரின் பொதி வந்ததும் அது எவருடையது, எங்குச் செல்வது, எவ்வளவு வேகத்துக்கு உரியது, தடுக்கத்தக்கதா என்றெல்லாம் ஆராய்ந்து அடையாளம் இடுவது விளிம்பு ரவுட்டரே. 2001இல் வரையறுக்கப்பட்ட ‘எம்.பி.எல்.எஸ்.’ முறையில் அவ்வடையாளம் நான்கு பைற்று அளவினது. மையம் அதனை மாத்திரம் நோக்கி, அடுத்த ரவுட்டருக்கு ஏற்ப மாற்றி, அனுப்பிவிடும். இன்று உலக இணையத்தில் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட முகவரித் தொகுதிகளுக்கு வழிகள் உள. அவற்றுள் ஒன்றையேனும் அறியாமலே மையம் தன் கடனை ஆற்றலாம்! ஒரு வங்கியின் செய்தியும் ஒரு வைத்தியசாலையின் செய்தியும் ஒரே கம்பியிற் சென்றாலும் தம்முட் கலவாதபடி, தனித்தனி வழி அட்டவணை வைத்திருப்பதும் விளிம்பின் பணியே. மையத்தின் பெருமை சோர்வில்லாத வேகம். அதனை யான் குறைத்துக் கூறுகின்றேனல்லேன்.

வேறு சொல் யாது? அது நமக்கு அருகிலேயே, மருதமுனைத் தறியில் உள்ளது. சேலையின் உடலில் ஒரே இழை திரும்பத் திரும்ப விரைந்தோடும். ஓரத்திலோ நிறம் மாறும், இழை எண்ணப்படும், நெய்பவர் கண் அங்கேயே நிற்கும். அதனைக் கரை என்பரேயன்றி விளிம்பு என்பாரில்லை. கடலோரத்தில் வாழும் நமக்கு அச்சொல்லின் மற்றைப் பொருளும் தெரியும்: தோணி புறப்படுவதும் வந்தடைவதும் கரையிலேதான். ஆகவே ‘கரை ரவுட்டர்’ என்க. ரவுட்டரைத் தமிழாக்கவில்லையே எனச் சினக்கும் அன்பர்கள், திசைச்சொல்லைத் தொல்காப்பியரே விலக்கவில்லை என்பதை நினைவு கூர்வாராக.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மையத்தில் ஒன்று பழுதுற்றாற் செய்தி வேறு வழியாற் சுற்றிச் செல்லும். அதற்கென்றே பல வழிகள் அமைப்பர். ஓர் ஊரை இணைக்கும் கரை ரவுட்டர் ஒன்றே ஒன்றாயின், அது நின்ற கணத்தில் அவ்வூரே துண்டிக்கப்படும். 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை புகுந்த ஊர்கள் நம்முடையவை. திட்டம் தீட்டுவோர் ‘விளிம்பு’ என்னும் பெயரைக் கேட்டு, எஞ்சிய பணத்தில் அதனைச் செய்தாற் போதும் என்று எண்ணிவிடலாகாது. கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இரண்டிரண்டு கரை ரவுட்டர்கள் வேண்டும். அவை வெவ்வேறு கட்டடங்களில், கடலுக்கு எட்டத்தில், வெவ்வேறு பாதைகளால் மையத்தோடு பிணைக்கப்பட்டிருத்தல் வேண்டும்.