மேலிடத்து ஆர்டர்

ஆபீஸில் ஒரு மெமோ வந்தால் என்ன செய்வோம்? 'எனக்கேவா?' என்று டீக்கடை வரை கத்துவோம். மேனேஜரின் பூர்வ கதையை விலாவாரியாக எடுத்து விடுவோம்.

இத்தாலியில் பாத்ரே பியோ என்று ஒரு கப்புச்சின் துறவி. 1918-ல் இயேசுவின் காயங்கள் மாதிரியே அவர் உடம்பிலும் தோன்ற, மடத்து வாசலில் கூட்டமான கூட்டம். வாடிகனுக்குச் சந்தேகம். 1931-ல் ஆர்டர் வந்தது. மக்கள் முன் பூசை வைக்கக் கூடாது, பாவசங்கீர்த்தனம் கேட்கக் கூடாது!

அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊரே திரண்டிருக்கும். சொல்லவில்லை. இரண்டு வருஷம் மடத்துக்குள்ளேயே தனியாகப் பூசை வைத்தார். 1933-ல் பூசைக்கான தடை நீங்கியது. 2002-ல் புனிதர் பட்டம்.

கத்தோலிக்கத் துறவிகளுக்கு மூன்று வாக்குறுதிகள்: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். காசை விட்டாச்சு, கல்யாணத்தை விட்டாச்சு. மிச்சம் இருப்பது 'நான்'. அதுதான் லேசில் போகாது. பணக்காரனின் கர்வம் காரில் தெரியும். பக்திமானின் கர்வம் ஜெபமாலைக்குள் ஒளிந்துகொள்ளும். 'கடவுளே என் பக்கம், நடுவில் இவர் யார்?' என்று கேட்க வைக்கும். தலைப் பாவங்கள் ஏழில் கர்வத்தை முதலில் வைத்தது சும்மாவா?

அதற்காக, பாவம் செய்யச் சொன்னாலும் கேட்க வேண்டும் என்று திருச்சபை சொல்லவில்லை. நியாயம் கேட்கலாம், 'நான் யார் தெரியுமா?' என்றுதான் கேட்கக் கூடாது.

ஒன்று, ஸார். இன்க்ரிமென்ட்டுக்காகத் தலையாட்டுவது இந்தக் கணக்கில் சேராது!