முதல் வகுப்பின் மொழி

ஐந்து அகவை நிறைந்து முதல் வகுப்பிற்குள் கால்வைக்கும் தமிழ்க் குழந்தை வெறுங்கையோடு வருவதில்லை. 'வந்தான்' என்பது வேறு, 'வந்தாள்' என்பது வேறு என்று அதற்கு எவரும் இலக்கணம் கற்பித்ததில்லை. 'மரத்தில் குருவி' என்று சொல்லும்போது மரம் என்பதன் ஈற்று மகரம் கெட்டு, அத்து என்னும் சாரியை வந்து சேர்வதை அஃது அறியாது. ஆயினும் பிழையின்றிச் சொல்கின்றது. தொல்காப்பியம் வகுத்துக் காட்டும் புணர்ச்சி நெறிகளுள் ஒரு பகுதி, தாயின் மடியிலேயே அதன் நாவில் படிந்து விடுகின்றது. இச் செல்வத்தை முதலாகக் கொண்டு, பேசும் ஒலிகளுக்கு வடிவம் உண்டு, அவ் வடிவங்களைக் கூட்டினால் தான் பேசிய சொல்லே கண்முன் வந்து நிற்கும் என்று அக் குழந்தைக்குக் காட்டுவதே முதல் வகுப்பின் வேலை.

தமிழெழுத்து 247 என்று எண்ணிக்கை காட்டி அச்சுறுத்துவோர் உண்டு. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. இவற்றைக் கற்றபின் எஞ்சிய 216 உயிர்மெய்களும் புதியன அல்ல. 'கா' என்பதைப் படித்த குழந்தை 'மா' என்பதை எவர் துணையுமின்றிப் படித்துவிடும். உகர, ஊகார வரிசைகளில்தான் கு, சு, டு, து, நு எனக் குறிகள் மாறுபடுகின்றன; ஆசிரியர் பொறுமையாக நின்று கற்பிக்க வேண்டிய இடம் அதுவே. முன்னர் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகளுக்கும் தனித்தனிக் கொம்பும் சுழியும் இருந்தன. பெரியாரின் எழுத்துச் சீர்மையைத் தமிழக அரசு 1978-இல் ஏற்றுக்கொண்டது முதல் அச் சுமையும் குறைந்தது. அகரத்தில் தொடங்குவதா, எழுதுதற்கு எளிய ட, ப, ம என்பவற்றில் தொடங்குவதா என்று ஆசிரியர்கள் வழக்காடுவர். இரண்டினாலும் கேடில்லை. குழந்தைக்குத் தெரிந்த சொல்லில் அவ்வெழுத்து இருத்தல் வேண்டும், அவ்வளவே.

எழுத்தின் பெயரே அதன் ஒலியாக அமைந்திருப்பது தமிழ்க் குழந்தைக்குக் கிடைத்த பெரும்பேறு. 'ப' என்று சொல்லி 'ப' என்று எழுதி 'படம்' என்று படிக்கலாம். ஆங்கிலத்திலோ 'டபிள்யூ' என்று நீட்டி முழக்கிவிட்டு, அப் பெயரில் எங்குமே இல்லாத வகர ஒலியை அதற்குத் தருதல் வேண்டும்! ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைக்கே இடறும் இவ்வழியில், அம்மொழியின் ஒரு சொல்லையும் வீட்டில் கேட்டறியாத உழவர் வீட்டுக் குழந்தையையும் கைத்தறியாளர் வீட்டுக் குழந்தையையும் நடக்க விடுவது எவ்வகைக் கல்வி? ஒலியும் புதிது, வடிவும் புதிது, பொருளும் புதிது. மூன்றும் ஒருங்கே புதியனவாயின் குழந்தை செய்யக்கூடியது நெட்டுருப் போடுதல் ஒன்றே. அதனைக் கேட்டுப் பெற்றோர் மகிழ்கின்றனர். கிளிப்பேச்சைக் கல்வியென்று மயங்கும் மயக்கம் அது.

எண்ணைப் பற்றியும் சொல்லல் வேண்டும். பதினொன்று என்ற சொல்லிலேயே பத்தும் ஒன்றும் தெளிவாக நிற்கின்றன. பதின்மூன்று, இருபது, முப்பது ஆகியனவும் அத்தகையனவே. சொல்லும்போதே கூட்டலும் பெருக்கலும் காதில் விழுகின்றன. ஆங்கில 'லெவன்', 'டுவெல்வ்' என்னும் சொற்களில் பத்து எங்கே இருக்கின்றதென்று குழந்தை கண்டறிய வழியில்லை. தமிழில் இடறுவது ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்னும் வரிசையே. (ஒன்பதைக் குறிக்கத் 'தொண்டு' என்னும் பழஞ்சொல் ஒன்று இருந்தது, இவ் வரிசையின் பழைய கட்டமைப்பை அது நினைவூட்டுகின்றது.) இத்தகைய சொல்வளத்தைக் கைவிட்டு, முதல் வகுப்பிலேயே கணக்கை ஆங்கிலத்தில் புகட்டுவது, கண்ணுள்ளவனுக்குக் கோல் கொடுத்துக் கண்ணைக் கட்டிவிடுவது போன்றதாம்.

அரசுகளும் சட்டங்களும் என்ன செய்தன? தொடக்க வகுப்புகளில் தமிழே பயிற்றுமொழியாக வேண்டுமென்று தமிழக அரசு 1999-இல் ஆணையிட்டது. சென்னை உயர் நயன்மன்றம் 2000-இல் அதனை நீக்கியது. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்து தமிழை ஒரு பாடமாக்கியது. பாடமாக்கியதேயன்றிப் பயிற்றுமொழி ஆக்கவில்லை. 2012-13 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. கருநாடக அரசு 1994-இல் இட்ட தாய்மொழிவழிக் கல்வி ஆணை மீதான வழக்கில், தொடக்கப் பள்ளியில் தாய்மொழியைப் பயிற்றுமொழியாக அரசு திணித்தல் கூடாதென்று இந்திய உச்ச நயன்மன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. குழந்தையின் தாய்மொழி எதுவென்பதை முடிவு செய்வோர் பெற்றோரே என்றும் அத் தீர்ப்பு கூறிற்று. பெற்றோர் முடிவு செய்வதற்கு முன்னரே குழந்தை அதனைப் பேசத் தொடங்கிவிடுகின்றதே!

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தாய்மொழிவழிக் கல்வியைக் குறிப்பிடுகின்றது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் ஐந்தாம் வகுப்பு வரையேனும் தாய்மொழி என்கின்றது. ஆனால் இரண்டிலும் 'இயன்றவரை' என்னும் பொருள்படும் சொல் ஒன்று உடனிருக்கின்றது. கட்டணம் பெறும் பள்ளிகளுக்கு அவ்வொரு சொல்லே போதுமானதாக உள்ளது. தமிழில் பேசிய குழந்தைக்கு ஒறுப்புக் கட்டணம் இடும் பள்ளிகளும் தமிழ்மண்ணில் உள்ளன. அக் குழந்தை முதலாண்டில் கற்றுக்கொள்ளும் முதற்பாடம் தன் தாய் பேசுவது குற்றம் என்பதே.

இதனால் பழைய திண்ணைப் பள்ளியே போதும் என்று வாழ்த்திப் பாட வேண்டியதில்லை. மணலில் விரலால் எழுதிய பயிற்சியும், பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று நினைவில் ஏற்றிய கணக்கும் சிறந்தனவே. ஆயினும் அத் திண்ணையில் ஏற எத்தனைக் குலத்துக் குழந்தைகளுக்கு இடமில்லை! பெண்குழந்தைகளுள் எத்தனை பேர் அதில் அமர்ந்தனர்? முதல் வகுப்பு எல்லார்க்கும் திறந்தது பின்வந்த பொதுப்பள்ளியினாலேயே. அப் பொதுப்பள்ளியைக் காப்பதும் மொழிப்பணியே.

தமிழாசிரியர்க்கும் ஒரு சொல். 'வூடு' என்றும் 'வந்துச்சு' என்றும் சொல்லும் குழந்தையைப் பார்த்து நகைப்பவர், தமிழின் பெயராலேயே தமிழைக் கொல்கின்றார். கொங்குநாட்டுச் சொல்லும் நெல்லைச்சீமைச் சொல்லும் குமரிக்கரைச் சொல்லும் நூலில் இல்லாமையால் இழிந்தன ஆகா. பேச்சிலிருந்து நூல்வழக்கிற்குக் கைபிடித்து அழைத்து வருதலே முறை. இவ்வறம் தமிழர்க்கு மட்டும் உரியதுமன்று. நீலமலையின் தோடர், கோத்தர், இருளர் வீட்டுக் குழந்தைகளும் தத்தம் தாய்மொழியோடுதான் பள்ளிக்கு வருகின்றனர். மொழிச் சிறுபான்மையர் குழந்தைகட்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழிசெய்யுமாறு அரசமைப்பின் 350அ பிரிவு 1956 முதல் கூறுகின்றது. தனக்கு வேண்டுமென்று தமிழன் கேட்கும் உரிமையை அவர்கட்கு மறுத்தல் எங்ஙனம் பொருந்தும்?

பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடிக்கிடந்தபின், எட்டு அகவைக்குள் ஒவ்வொரு குழந்தையும் பிழையின்றிப் படிக்கவும் எண்ணவும் 2025-க்குள் கற்க வேண்டுமென்று தமிழக அரசு 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' இயக்கத்தைத் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை அவரவர் நிலைக்கேற்பப் பகுத்துக் கற்பிக்கும் முறை நல்லதே. பெயர்களும் நல்ல தமிழ்ப் பெயர்கள். ஆனால் அறுபது குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும் என்பதே கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்பிற்கு இருவர்! ஒருவர் கூட்டத்திற்கோ கணக்கெடுப்பிற்கோ சென்றுவிட்டால், எஞ்சியவர் ஐந்தாம் வகுப்பிற்குப் பின்னமும் முதல் வகுப்பிற்கு அகரமும் ஒரே அறையில் கற்பிக்க வேண்டியவராகின்றார். மேல்வகுப்புக் குழந்தை தானே நூலைப் புரட்டிக்கொண்டிருக்கும். முதல் வகுப்புக் குழந்தையால் அது இயலாது. அதன் விரலைப் பிடித்து எழுதுவிக்க ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும். முதல் வகுப்பிற்கென ஒவ்வொரு பள்ளியிலும் தனியாசிரியர் ஒருவரை, அதிலும் பட்டறிவு மிக்க ஒருவரை அமர்த்துமாறு அரசைக் கேட்டல் வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோரே பெரும்பான்மையர். அக் குழுக்களின் அடுத்த கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பலாம்.