பட்டாணிச் செடிப் பாடம் பிள்ளைகளுக்கு மட்டும்தானா?

திண்டுக்கல் பக்கத்துப் பெற்றோரே, நாகல் நகரோ வத்தலக்குண்டோ வேடசந்தூரோ, பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் நாம் கேட்கிற முதல் கேள்வி, "முறையில பையன் இல்லையா?" என்பதுதான். பவுன், நிலம், ஜாதகம் என்று மாதக்கணக்கில் அலசுகிறோம். இரண்டு வீட்டிலும் பிறவியிலேயே காது கேட்காதவர் உண்டா, காரணம் தெரியாமல் சின்னதிலேயே இறந்த குழந்தை உண்டா என்று மட்டும் கேட்பதில்லை. சம்பந்தி கோபித்துக்கொள்வார் என்று வாயை மூடிக்கொள்கிறோம்.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, சொந்தத்தில் மணமுடித்த பெண்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பேர். நாட்டுச் சராசரி 11தான்.

"மூணு தலைமுறையா சொந்தத்துலதான் முடிச்சோம், என்ன ஆயிடுச்சு?" என்று வாதாடுகிறவர்களே, பிள்ளையின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் மரபியல் பாடத்தைத் திறந்து பாருங்கள். மெண்டல் என்ற அறிவியலாளர் வளர்த்த நெட்டைப் பட்டாணிச் செடியின் விதையிலிருந்து குட்டைச் செடியும் முளைத்தது. குட்டைத்தன்மை நெட்டைக்குள் வெளியே தெரியாமல் இருந்தது. நமக்கும் பெரும்பாலான ஜீன்கள் (மரபணுக்கள்) தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வருகின்றன. உள்காதுக்குத் தேவையான கனெக்சின் 26 என்ற புரதத்தின் ஜீனில் ஒரு பிரதி பழுதானாலும், மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆளுக்குக் காது நன்றாகவே கேட்கும். இரண்டும் பழுதாக வந்த குழந்தைக்குத்தான் பிறவியிலேயே காது கேட்காது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாட்டியிடம் அப்படி ஒரு பழுதான பிரதி இருந்தால், அது மகனுக்கு வர வாய்ப்பு இரண்டில் ஒன்று. மகள் வழியாகப் பேத்திக்கு வர நான்கில் ஒன்று. அந்தப் பேத்தியைத் தாய்மாமனுக்கே கொடுத்தால், பிறக்கும் குழந்தைக்கு இரண்டு பழுதும் சேர 32இல் ஒரு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்றால் 64இல் ஒன்று. இது ஒரே ஒரு ஜீனுக்கான கணக்கு; பழுதான ஜீன்கள் சில நம் எல்லோரிடமும் இருக்கின்றன. சொந்தத்தில் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானோர் நலமாகவே பிறக்கிறார்கள். அதைச் சொல்லியே மற்ற குழந்தைகளை மறந்துவிடுகிறோம்.

குறையோடு ஒரு குழந்தை பிறந்துவிட்டால் மருமகளின் ராசியைப் பழிக்கிறோமே, நியாயமா? இந்த வகைக் குறைக்குத் தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பிரதி கொடுத்திருக்கிறார்கள். "அடுத்தது நல்லாப் பிறக்கும்" என்று அவசரப்படுத்துவதும் தவறு. இருவரிடமும் அந்தப் பழுது இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு புதிதாகவே வரும். முதல் குழந்தையோடு கணக்கு தீர்ந்துவிடாது.

ஜாதக நோட்டுக்குப் பக்கத்தில் மூன்று தலைமுறையின் பிறப்பு, இறப்பு, குறைகளையும் எழுதி வையுங்கள். சொந்தத்தில்தான் முடிப்போம் என்றால் நிச்சயத்துக்கு முன்பே மரபணு ஆலோசனை கேளுங்கள். குழந்தை சத்தத்துக்குத் திரும்பவில்லையா? "வயசானா பேச்சு வந்துடும்" என்று காத்திருக்காமல் உடனே காதுப் பரிசோதனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், காது கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்த 6 வயதுதான் வரம்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, "மாமனைக் கட்டிக்க மாட்டேன்" என்று மகள் சொன்னால் அவளை மிரட்டாதீர்கள். சொத்து வெளியே போகக் கூடாது என்பதற்காகப் பேரப்பிள்ளையின் உடம்பைப் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை.