உயிலில் ஒரு வரி

நாடகத்திலே உயில் வந்தால், கூடவே வில்லனும் வந்துவிடுவான், நண்பர்களே! ஜமீன்தார் மூச்சுத் திணறிக் கிடப்பார். கணக்கப்பிள்ளை மைக்கூட்டுடன் கட்டிலருகே காத்திருப்பான். உயிர் பிரிந்த கட்டைவிரலைப் பிடித்துக் கைநாட்டு வைப்பான். கொட்டகை கொதித்தெழும்! அத்தகைய காட்சியை நானும் எழுதியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். ஆனால் இன்று நான் பேச வந்தது வேறோர் உயிலைப் பற்றி. மகனுக்கு மாடி வீடு, மகளுக்கு மாந்தோப்பு என்று எழுதியபின், முகமறியா ஏழைக்கும் ஒரு பங்கு என்று ஒரு வரி சேர்க்கும் உயில் அது!

நாமக்கல் சமவெளியிலே நின்று நிமிர்ந்து நோக்குங்கள், கொல்லிமலை தெரியும். வல்வில் ஓரி ஆண்ட மலை. கடையெழு வள்ளல்களில் ஒருவன் அவன். பாடி வந்தோருக்கு வாரி வழங்கினான். ஆனால் காரியோடு பொருதுக் களத்திலே அவன் வீழ்ந்தபோது, அந்தக் கொடையும் உடன் வீழ்ந்தது. வள்ளல் மறைந்தால் வாசல் மூடும். மன்னர் காலத்து ஈகையின் மாண்பும் அதுதான், குறையும் அதுதான்!

அதே மலைக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்தனர் ஜெஸ்ஸி பிராண்டும், அவர் துணைவி ஈவ்லினும். 1929-இல் ஜெஸ்ஸியைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. ஈவ்லினோ, முதுமை வந்த பின்னும் மலைமக்களை விட்டு விலகாமல் உழைத்து, 1974-இல் கண்மூடினார். அந்த மலையிலே வளர்ந்த மகன் பால் பிராண்ட், வேலூர் மருத்துவமனையிலே தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திக் காட்டினார்.

“சமயம் பரப்ப வந்தவர்களல்லவா?” என்பீர். ஆம்; மறைப்பானேன்! ஆனால் மருந்து, நெற்றியிலே நீறா, மார்பிலே சிலுவையா என்று கேட்டா நோய் தீர்த்தது?

அதே வேலூருக்கு இன்னொருவரின் செல்வமும் வந்தது. அவர் மறைந்த பின் வந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலே, மரக்கட்டைக் குடிசையில் 1853-இல் பிறந்த ஹென்றி வெல்கம், இலண்டனிலே மருந்து விற்றுப் பெரும் பொருள் சேர்த்தார். 1936-இல் இறந்தார். தம் நிறுவனத்தின் பங்குகளை அறங்காவலரிடம் ஒப்படைத்து, வருவாயை மருத்துவ ஆராய்ச்சிக்குச் செலவிடுக என்று உயிலிலே பணித்திருந்தார். அந்த அறக்கட்டளையின் துணையோடு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலே ஆய்வுக்கூடம் இயங்கியது. ஏழையின் குடலை அரிக்கும் வயிற்றுப்போக்கு நோய்கள் அங்கே ஆராயப்பட்டன. குடியேற்ற நாடுகளின் சந்தையிலும் சேர்ந்த காசுதானே அது என்று கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும்! வந்த வழியைக் கேட்போம். சென்ற வழியையும் காண்போம்.

நம்மவரிலே இப்படி ஒருவர் இல்லையா? இருந்தார். பச்சையப்பர்! 1794-இல் உயில் எழுதி மறைந்தார். அறத்துக்கென்று அவர் வைத்த பொருள் என்னவாயிற்று? உறவினரும் பொறுப்பாளரும் இழுத்த இழுப்பில் ஆண்டுகள் பல உருண்டோடின. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முனைந்து நிற்க, நீதிமன்றம் தலையிட்டு, 1842-இல்தான் பள்ளி பிறந்தது. அது வளர்ந்து கல்லூரியாகி, காஞ்சி நெசவாளர் குடும்பத்து அண்ணாவைப் பட்டதாரியாக்கிற்று. ஆனால் அந்தக் கல்லூரியிலேயே, இந்து அல்லாத மாணவருக்கு 1947 வரை இடமில்லை. எழுதினால் மட்டும் போதாது. யாருக்கும் வேலி போடாமல் எழுத வேண்டும். எழுதியதை இருப்பவர்கள் காக்க வேண்டும். கணக்கு ஊரறிய வைக்கப்பட வேண்டும். காவலில்லா அறம், வேலியில்லா வெள்ளாமை!

பிரிட்டனிலே 2012 முதல் ஒரு விதி. வரிக்குரிய சொத்தில் பத்திலொரு பங்கை அறத்துக்கு எழுதினால், எஞ்சிய சொத்தின் மரபுரிமை வரி நூற்றுக்கு 40-லிருந்து 36 ஆகக் குறையும். அறத்துக்குப் போன பங்குக்கோ வரியே கிடையாது. இந்தியாவிலே 1953-இல் வந்த மரணச் சொத்து வரி 1985-இல் ஒழிந்தது. செல்வர் சொத்து வரியின்றி வாரிசிடம் போகிறது. ஏழைக்கு எழுதச் சொல்லும் தூண்டுதலும் இல்லை! ஆகவே, சட்டம் சொல்லாததை நெஞ்சம் சொல்லட்டும். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை, இரு சாட்சிகள் போதும். தடை சட்டத்திலே இல்லை, நம் மனத்திலே!

அரசின் கடமையை அறக்கட்டளையின் தலையிலே கட்ட நான் சொல்லவில்லை. பள்ளியும் மருத்துவமும் மக்களின் உரிமை, பிச்சையன்று. உரிமைப் போர் முடியும்வரை நோயாளி காத்திருப்பானா? அதற்காகவே கேட்கிறேன்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆப்பிரிக்க மண்ணிலும் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகின்றன. நாமக்கல் முட்டை கடல் கடந்து போகிறது. சேலத்துப் பிள்ளைகள் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் பொருளீட்டுகிறார்கள். கடல் கடந்து வாங்கிய கைகள் நாம். கடல் கடந்து கொடுக்கும் கைகளாகவும் ஆக வேண்டாமா? பொருள் தந்த அயல்மண்ணின் ஏழைக்கு ஒரு வரி. பிறந்த மண்ணின் மலைச்சிறுவனுக்கு ஒரு வரி!

கட்டணம் கட்ட வழியின்றிக் கல்லூரிப் படியிறங்கியவன் நான். எவரோ ஒருவர் எங்கோ எழுதியிருக்கக்கூடிய ஒரு வரி அன்று எனக்கு இல்லை. அந்த வரியை நாளைய பிள்ளைக்காக எழுதுங்கள். ஓரியின் கொடை ஓரியோடு போயிற்று. உங்கள் கொடை உங்களுக்குப் பின்னும் வாழட்டும்!